ஒரு பொருள், பல பெயர்கள்: இணையத்தளத்தில் எந்தச் சொல்லை முன்வைப்பது?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தன் காணியையோ கிணற்றையோ பனங்கூடலையோ தூக்கிச் செல்ல முடியாது. கைப்பழக்கத்தை மட்டும் கொண்டு செல்லலாம். பனங்கட்டி காய்ச்சவும், ஒடியல் காயவைக்கவும், பனாட்டுப் போடவும் தெரிந்த கைகள் எங்கு சென்றாலும் அதை மறப்பதில்லை. சொந்தக் காணி இன்னும் கைக்கு வராதவர்களும், உறவினர் வளவிலோ குத்தகைக் காணியிலோ நிற்கும் பனைகளை நம்பி, சிறு குழுவாகச் சேர்ந்து இத்தொழிலைச் செய்யலாம்.

விற்பதுதான் கடினம். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் இப்பொருட்களை விரும்பித் தேடுகிறார்கள். ஆனால் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் பல கைகள் இருக்கின்றன. இதனாலேயே சில குழுக்கள் சேமிப்புப் பணத்தை எடுத்து இணையத்தளம் ஒன்றைத் திறக்கின்றன. தளம் திறந்து மாதங்கள் சென்றும் ஒரு கட்டளைகூட வராதபோது மனம் சோர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. வாங்குபவர் ஒரு சொல்லால் தேடுகிறார். தளத்திலோ வேறொரு சொல் இருக்கிறது. அல்லது எல்லாச் சொற்களையும் ஒரே இடத்தில் கொட்டிவைத்ததால் எதுவும் எடுபடாமல் போகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

தேடற்பொறி செய்யும் வேலை

கூகிள் நிறுவனம் 1998 இல் தொடங்கப்பட்டது. அதுபோன்ற தேடற்பொறிகள் உலகிலுள்ள இணையப் பக்கங்களை இயந்திர நிரல்கள் மூலம் வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைக்கின்றன. பெரிய புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது இது. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டியதும், அந்தச் சொல்லுக்கும் அவருடைய தேவைக்கும் மிகப் பொருத்தமான பக்கங்களைத் தேடற்பொறி வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

முதற்பக்கத்தில் ஏறத்தாழப் பத்துப் பக்கங்களுக்கே இடம் உண்டு. அவற்றுக்கு மேலே பணம் கட்டிய விளம்பரங்கள் வரலாம். 2024 இலிருந்து சில தேடல்களுக்கு இயந்திரமே தொகுத்து எழுதிய விடையும் மேலே வருகிறது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர் மிகக் குறைவு. ஆகவே இடம் கொஞ்சம், போட்டி அதிகம்.

பெயர்களின் போட்டி

பனங்கட்டியையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தார் அதைப் பனங்கட்டி என்பர். தமிழ்நாட்டில் கருப்பட்டி என்றும் பனைவெல்லம் என்றும் சொல்வர். சிங்களத்தில் தல் ஹக்குரு. ஆங்கிலத்தில் தேடுபவர் பாம் ஜகரி என்றோ பல்மைரா ஜகரி என்றோ தட்டுவார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். அதிலும் ஒருவர் ஓர் எழுத்தைக் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார்.

இவற்றுள் சில சொற்கள் மயக்கம் தருபவை. பாம் ஜகரி என்பது பனைக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் கித்துளிலிருந்து வருவதையும் தென்னையிலிருந்து வருவதையும் அதே பெயரால் அழைக்கலாம். வெறும் ஜகரி என்றால் கரும்பு வெல்லமும் சேர்ந்துவிடும். அங்கே பெரிய வியாபாரிகளோடு மோத வேண்டியிருக்கும். இத்தனை சொற்களில் எதை எடுப்பது, எதை விடுவது?

தேவையைக் கொண்டு பிரியுங்கள்

வெண்காயத்தையும் கத்தரியையும் மிளகாயையும் ஒரே பாத்தியில் நெருக்கி நட்டால் ஒன்றும் செழிக்காது. சொற்களும் அப்படியே. முதலில் எல்லாச் சொற்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைத் தட்டுபவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

பனங்கட்டி, கருப்பட்டி, பனைவெல்லம் என்ற மூன்றையும் தேடுபவருக்கு வேண்டியது ஒரே பொருள். ஆகவே மூன்றுக்கும் ஒரே பக்கம் போதும். பக்கத் தலைப்பில், “யாழ்ப்பாணப் பனங்கட்டி (கருப்பட்டி) – 500 கிராம் பொதி” என்று எழுதலாம். உள்ளே, தமிழ்நாட்டில் இதைப் பனைவெல்லம் என்றும் அழைப்பர் என்று ஒரு வாக்கியத்தில் இயல்பாகச் சொல்லலாம்.

“ஒடியற்கூழ் செய்வது எப்படி” என்று தேடுபவரின் தேவை வேறு. அவருக்குச் சமையற்குறிப்பு வேண்டும். அவரை நேரே விலைப்பட்டியலுக்கு இழுத்தால் திரும்பிப் போய்விடுவார். அவருக்கெனத் தனிப்பக்கம் ஒன்றில் கூழ் காய்ச்சும் முறையை ஒழுங்காக எழுதி, முடிவில் ஒடியல் மா விற்கும் பக்கத்துக்கு வழி காட்டுங்கள். கல்லாக்காரம், பனங்கற்கண்டு என்ற இரு பெயரும் ஒரே பொருளைக் குறிப்பதால் அவை ஒரு பக்கத்தில் சேரலாம். ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருப்பது நல்லது. மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் கலந்தால் எவருக்கும் வாசிக்க இதமாக இராது.

சுருங்கச் சொன்னால், பெயர் பல, தேவை ஒன்று என்றால் ஒரு பக்கம். தேவை வேறானால் பக்கமும் வேறு.

சிறிய சொல்லா, பெரிய சொல்லா?

பலர் தேடும் சொல்லையே பிடிக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் “ஜகரி” என்று தட்டுபவரில் வாங்க வருபவர் யார், படிக்க வருபவர் யார் என்று தெரியாது. “யாழ்ப்பாணப் பனங்கட்டி ரொறன்ரோவில் வாங்க” என்று தட்டுபவர் மிகச் சிலரே. ஆனால் அவர் காசை எண்ணிக்கொண்டு நிற்பவர். அந்தச் சொற்றொடருக்குப் போட்டியும் குறைவு. சிறிய குழு இப்படியான நீண்ட, குறிப்பான சொற்றொடர்களிலிருந்து தொடங்குவதே புத்தி. ஆனால் உங்களால் உண்மையில் அனுப்பக்கூடிய நாட்டின் பெயரை மட்டுமே எழுதுங்கள்.

மக்கள் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்று அறியச் செலவில்லாத வழிகள் உண்டு. தேடும் கட்டத்தில் சொல்லின் பாதியைத் தட்டினால் கூகிள் மீதியைத் தானே காட்டும். அவை பலரும் தேடும் சொற்கள். கூகிள் ட்ரெண்ட்ஸ் இரண்டு சொற்களில் எது அதிகம் தேடப்படுகிறது, எந்த நாட்டில் தேடப்படுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும். எல்லாவற்றிலும் எளிது, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் “நீங்கள் வாங்குவதானால் என்னவென்று தட்டுவீர்கள்?” என்று கேட்பது.

எழுத்துருவில் ஒரு பொறி

நம்மிடையே பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் பலர். அதில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. தேடற்பொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். எனவே தளத்திலுள்ள தமிழ் முழுவதும் யுனிகோட் முறையில் இருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்தை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதேபோல், பொருளின் பெயரையும் விலையையும் அழகான படமாக மட்டும் போட்டுவிடக் கூடாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பியிராமல் அதே விபரத்தைப் பக்கத்தில் எழுத்தாகவும் தட்டுங்கள்.

வீட்டுக்குள்ளேயே போட்டி வேண்டாம்

ஒரே பனங்கட்டிக்கு நான்கு பக்கங்கள் எழுதினால் நான்கு மடங்கு பலன் வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நடப்பது வேறு. எதை முன்னே வைப்பது என்று தேடற்பொறிக்குத் தெளிவில்லாமல், உங்கள் பக்கங்களே ஒன்றையொன்று பின்தள்ளக்கூடும். அப்படி இருந்தால் நான்கிலுமுள்ள நல்ல விடயங்களை ஒரு பக்கத்தில் சேர்த்து, மற்ற மூன்று முகவரிகளையும் அந்தப் பக்கத்துக்கே நிரந்தரமாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

பருவம் முடிந்து பனங்கட்டி தீர்ந்துவிட்டாலும் பக்கத்தை அழிக்க வேண்டாம். “இவ்வாண்டுக் கையிருப்பு முடிந்தது, அடுத்த பருவத்தில் கிடைக்கும்” என்று எழுதிவையுங்கள். அழித்தால், அந்த முகவரி இதுவரை தேடிய இடமும் அதனோடு போய்விடும்.

ஏமாறாதிருங்கள்

ஐம்பது சொற்களுக்கு முதலிடம் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிள் நிறுவனமே தளம் நடத்துவோருக்கு அறிவுறுத்துகிறது. பக்கத்தின் உட்குறிப்பில் திறவுச்சொற்களை அடுக்கித் தருவதாகச் சொன்னால், அதற்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்த உட்குறிப்பைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்பத் திணிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும் விதிமீறல்கள். அதனால் தளம் பின்தள்ளப்படலாம். முற்றாக நீக்கப்படவும் கூடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. “நீரிழிவைக் குணமாக்கும் பனங்கட்டி” என்று எழுதினால் பலர் வருவார்கள் என்று யாராவது ஆசை காட்டலாம். பனங்கட்டியும் இனிப்புத்தான், அதில் பெரும்பகுதி சீனிச்சத்தே. நம்மை நம்பி வாங்கும் ஒரு நோயாளிக்குத் தீங்கு செய்து பெறும் வருமானம் நமக்கு வேண்டாம்.

முதல் மூன்று மாத வேலை

முதல் மாதம், குழுவின் பெரியவர்களும் இளைஞர்களும் கூடிச் சொற்பட்டியலைத் தயாரித்து, தேவைப்படி பிரியுங்கள். பழைய பெயர்கள் பெரியவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் தட்டும் வழக்கம் இளைஞர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் மாதம், நான்கைந்து பக்கங்களை மட்டும் நன்றாக எழுதுங்கள். யார் செய்கிறார்கள், எப்படிக் காய்ச்சுகிறார்கள், நிறை எவ்வளவு, விலை என்ன, எப்படி அனுப்புவீர்கள் என்பன தெளிவாக இருக்கட்டும். உங்களை அறிந்த பங்குகளும் ஊர்ச் சங்கங்களும் தங்கள் தளங்களில் உங்கள் பக்கத்துக்கு வழி காட்டுமாறு கேளுங்கள். இப்படியான பரிந்துரைகளைத் தேடற்பொறி மதிக்கிறது.

மூன்றாம் மாதம், சேர்ச் கொன்சோல் என்னும் கூகிளின் இலவசக் கருவியைப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது கணக்குத் தரும். உதாரணமாக, 400 தடவை காட்டப்பட்டும் நால்வரே வந்திருந்தால், பக்கம் பின்வரிசையில் நிற்கலாம். அல்லது தலைப்பு சரியாகப் பேசவில்லை. சராசரி இடம் எது என்பதையும் அதே கருவி காட்டும். முன்வரிசையில் இருந்தும் ஆட்கள் வராவிட்டால் தலைப்பை மாற்றி எழுதுங்கள். நீங்கள் எண்ணியிராத ஒரு சொல்லால் ஆட்கள் வந்தால், அதைக் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலன் கிழமைக்கணக்கில் வருவதில்லை, மாதங்கள் செல்லும். பனங்கொட்டை நட்டவுடன் எவரும் நுங்கு கேட்பதில்லை. அந்தப் பொறுமை நமக்குப் புதிதன்று. இடம் மாறி வந்த கைகள் செய்யும் பொருளை, அதைத் தேடும் ஒருவர் அவருக்குத் தெரிந்த பெயரால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான முதல் வேலை ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து அந்தப் பெயர்களை எழுதுவதுதான்.