வாவிக்கரையில் ஆறு சுற்று

நீந்துதல், துவிச்சக்கரவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒருவரே இடையீடின்றிச் செய்து முடிக்கும் போட்டியை 'டிரையத்லன்' என்பர். 'மும்முறைப் போட்டி' என்று அதற்குத் தமிழ்ப்பெயர் வைத்தேன். மூன்று முறை நடக்கும் போட்டி என்று பொருள் மயங்கும் என என் பழைய மாணவர் ஒருவர் குற்றங் கண்டார். குற்றம் உண்மையே, 'முத்திறப் போட்டி' என்று திருத்திக்கொண்டேன். பெயர் வைத்த அளவில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

1978இல் ஹவாயில் முதன்முறை நடந்த நெடுந்தூர முத்திறப் போட்டியிற் புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். அதன் பாதித் தூரம் கொண்ட போட்டியொன்று 2018 பெப்ரவரி 25ஆந் திகதி கொழும்பில் நடைபெற இருந்தது. நீச்சல் 1.9 கிலோமீற்றர், வண்டி 90, ஓட்டம் 21.1. அதற்கெனப் பயின்றுவந்த என் மாணவர் மூவர், சனவரியில் ஒரு ஞாயிறன்று கண்டியிலேயே தமக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டனர். "ஐயாவும் வரலாமே" என்றான் அவர்களுள் ஒருவன், விளையாட்டாக. ஐம்பதைக் கடந்தவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நீச்சலில் எனக்கு அச்சமில்லை. நான் பிறந்தது வடமராட்சிக் கரையில். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த கதையையும், வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இற் போகவும் வரவும் நீந்திய கதையையும் கேட்டு வளர்ந்தவன். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிர்நீத்தார் என்பதைப் பெரியோர் தாழ்ந்த குரலிற் சொல்வர். 25 மீற்றர்த் தடாகத்தில் 38 முறை போய்த் திரும்பி, மூவருள் ஒருவனுக்கு முன்னதாகவே கரையேறினேன். அந்தப் பெருமிதந்தான் பின்னர் என்னைக் கெடுத்தது.

பேராதனை தாண்டிக் கடுகண்ணாவை வரை வழி எளிது. அங்கே, கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் நிற்கிறது. அதைக் கடந்ததும் வீதி மலையிலிருந்து வளைந்து வளைந்து கீழிறங்குகின்றது. மாவனல்லை, கேகாலை எனப் பறந்தோம். இறங்கும்போது காற்று முகத்தில் அடிப்பதால் வெப்பம் தெரிவதில்லை. கேகாலைக்கு அப்பால் திரும்பி அதே மலையில் ஏறும்போதுதான், இறங்கிய ஒவ்வொரு வளைவும் கடன்காரன்போல வழிமறித்தது. வேகம் நடைவேகமாயிற்று, காற்று நின்றது, பின்னால் வந்த பேருந்துகள் புகையைக் கக்கிவிட்டுப் போயின. இளைஞர் தம் நாடித்துடிப்பைக் கைக்கடிகாரத்திற் பார்த்துப் பார்த்து மெல்ல மிதித்தனர். நான் அவர்களை முந்தினேன்! மலையேற்றத்தில் அடங்கி மிதிப்பவனே பின்னர் ஓடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டம் கண்டி வாவியைச் சுற்றி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த அவ்வாவியின் சுற்று ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர். ஆகவே ஆறு சுற்று. தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. நிழல்மரங்கள் உண்டு, ஆனால் நீர்ப்பரப்பை அடுத்த காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். என் வியர்வையோ ஆவியாகாமற் சொட்டிக்கொண்டே இருந்தது. வழியில் ஒருவன் ஜீவனி கரைத்த போத்தலை நீட்டினான். அது வயிற்றோட்டக்காரருக்கு உரியதென்று தள்ளிவிட்டு, வெறுந்தண்ணீரையே குடித்தேன். நீண்டநேரம் வியர்த்தவன் உப்பில்லாத நீரையே மிகையாகக் குடித்தால் குருதியில் உப்புச் செறிவு குறைந்து மயங்குவான் என்பதை மறுநாள் வைத்தியர் விளக்கிச் சொன்னார்.

நான்காம் சுற்றில், தலதா மாளிகைப் பக்கம் வரும்போது, எனக்குக் குளிர்ந்தது. உச்சிவெயிலில் கைமயிர் சிலிர்த்து நின்றது.

பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலை வீதியோட்டம் ஒன்றுக்கு நான் பொறுப்பாயிருந்தேன். வீதியோரத்தில் ஒரு சிறுவன் குந்திவிட்டான். "குளிருது ஐயா" என்றான். "வெயிலிற் குளிரா? நடிக்காதே, எழும்பி ஓடு" என்று அதட்டினேன். எழுந்து ஓடினான்; சிறிது தூரம் போய் விழுந்தான். இரண்டு நாள் வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்தான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது என்னை அதட்ட எவரும் இல்லை. இருந்தும் கால்கள் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மாணவரின் முன் நிற்க நாணம் விடவில்லை. அந்தச் சுற்றை முடித்து மரத்தடிக்கு வந்ததும், "எனக்குக் குளிருது தம்பி" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என்னைக் கிடத்தி, கால்களைத் தன் பையின்மேல் உயர்த்தி, ஐஸ்நீரில் நனைத்த துவாயைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தான். அவனும் அப்போது போட்டியில் ஓடிக்கொண்டிருந்தவனே. நேரத்தை அவன் பார்க்கவில்லை.

மூவரும் அன்று ஆறு சுற்றையும் முடித்தனர். என்னைக் கிடத்தியவன் கடைசியாக வந்தான். எஞ்சிய இரண்டு சுற்றையும் நான் இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை ஆறு மணிக்கு, உப்பிட்ட கஞ்சி குடித்துவிட்டு மெல்ல ஓடி முடித்தேன். அதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்று வாதாடிப் பார்த்தேன். மாணவர் உடன்படவில்லை.