பூட் பருத்தி ஆலை, லோவல், மாசச்சூசெட்ஸ்: தறிக்கூடம்

காதடைப்பானை மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது ஓடுவது சில தறிகள்தான். ஆலை நடந்த காலத்தில் கூடம் முழுக்க ஓடின.

1835இல் தொடங்கிய இந்த ஆலைக்குப் பண்ணை வீட்டு இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் வேலை. 1836இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது லோவல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கே நூலான பஞ்சோ, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது.

தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் பக்கவாட்டுத் துளையைப் பாருங்கள். நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தாரை மாற்றும்போதெல்லாம் ஊடை நூலை அந்தத் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். பஞ்சுத் தூசியும் கூடவே உள்ளே போகும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைப்பார். காசநோய் பரவ வேறென்ன வேண்டும்? மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911இல்தான் இப்படி வாயால் உறிஞ்சும் நாடாவைத் தடைசெய்தது.