சுகர் ரிப்போர்ட்டுல இருக்கற அந்த நாலு எழுத்து

வீட்டுல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தா, அவங்களோட மூணு மாச சுகர் ரிப்போர்ட்டை எடுங்க. எச்பிஏ1சின்னு ஒரு சதவீதம் இருக்கும். பக்கத்துல சின்ன எழுத்துல எச்.பி.எல்.சி.ன்னு போட்டிருக்கலாம். மாத்திரையைக் கூட்டறதா, குறைக்கறதான்னு டாக்டர் யோசிக்கறதே இந்த நம்பரை வச்சுத்தான். அது எப்படி வருது?

ஒட்டின சர்க்கரை

சிவப்பணுவுக்குள்ள இருக்கற புரதம் ஹீமோகுளோபின். ரத்தத்துல ஓடற சர்க்கரை அதுல ஒட்டிக்கும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்த்தா ரெண்டு மூணு மாசக் கதை தெரியும். ஆனா சர்க்கரை ஒட்டினதும் ஒட்டாததும் அளவுல கிட்டத்தட்ட ஒண்ணு. எப்படிப் பிரிக்கறது? மின்சுமையை வச்சு. சர்க்கரை ஒட்டற இடத்துல புரதத்தோட பாசிட்டிவ் சுமை குறைஞ்சிடும்.

பஸ்ஸுல கம்பி பிடிக்கற கதை

மெஷினுக்குள்ள ஒரு குட்டிக் குழாய். அதுல நெகட்டிவ் சுமை உள்ள நுண்ணிய மணிகள். பாசிட்டிவ் ஹீமோகுளோபின் போய் ஒட்டிக்கும். அப்புறம் உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவாங்க.

ராசிபுரம் – சேலம் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஆண்டகளூர் கேட்ல, மல்லூர்லன்னு கூட்டம் ஏற ஏற, ஒரு கையால கம்பியைப் பிடிச்சவர்தான் முதல்ல தள்ளப்படுவார். இங்க கூட்டம்தான் உப்பு. பிடி தளர்ந்த, சர்க்கரை ஒட்டின ஹீமோகுளோபின் முதல்ல வெளியே வரும். ஒட்டாதது பின்னாடி வரும். வர வர ஒளியால அளந்து, மெஷின் மேடு மேடா ஒரு கிராஃப் போடும். மேட்டோட பரப்புதான் உங்க சதவீதம். இதுக்குப் பேர் அயனிப் பரிமாற்ற குரோமட்டோகிராஃபி.

ஒரே எழுத்துப் பிழை

அரிவாள் செல் நோய்ல டி.என்.ஏ.வுல ஒரே எழுத்து மாறியிருக்கும். அதனால நெகட்டிவ் சுமை உள்ள ஒரு அமினோ அமிலத்துக்குப் பதிலா சுமையே இல்லாத ஒண்ணு வந்து உட்காரும். அந்த ஹீமோகுளோபினோட பிடி இறுகும். கிராஃப்ல தாமதமா தனி மேடா நிக்கும். நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இந்த மரபணு இருக்கறதை லேமனும் கட்புஷும் 1952-லயே பதிவு பண்ணினாங்க.

அந்த நோய் இருக்கறவங்களுக்கு சிவப்பணு சீக்கிரமே அழியும். சர்க்கரை ஒட்ட நேரமே கிடைக்காது. அதனால எச்பிஏ1சி குறைவா காட்டி ஏமாத்தலாம். இன்னும் சில வகை ஹீமோகுளோபின் அளக்க வேண்டிய மேட்டோடயே கலந்துபோய் நம்பரைக் குழப்பும்.

அப்போ நாம என்ன பண்ணலாம்? வீட்டுல விரல் நுனியில குத்திப் பார்க்கற சுகரும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகலைன்னா, லேப்ல கிராஃப் பக்கத்தையும் கேட்டு வாங்கி டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரையை நீங்களா மாத்தாதீங்க. நம்பர் ஒரு வரிதான். முழுக் கதையும் கிராஃப்ல இருக்கு.