பாடத்திட்டத்தில் இல்லாத தூக்கு

அரசியல் அறிவியல் பாடநூல்களில் நீதித்துறை கடைசியாக வரும் அத்தியாயம். சட்டமன்றம், நிர்வாகம் எல்லாம் முடித்து நேரமிருந்தால் நடத்துவோம். 'சுதந்திரமானது, நடுநிலையானது' என்று ரெண்டு வரி, பரீட்சைக்கு அஞ்சு மார்க். நீலகிரியில் ஒரு கல்லூரியில் நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். மரண தண்டனை பற்றிய ஆய்வுக்கு என்னை இழுத்தது எந்தக் கோட்பாடும் அல்ல, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு மாணவியின் கேள்வி. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. 1999 மே மாதம் ராஜீவ் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஜூனில் கல்லூரி திறந்ததும் கேட்டாள்: "சார், பூந்தமல்லி கோர்ட்டுல இருபத்தாறு பேருக்கும் தூக்குன்னாங்க. இப்ப நாலு பேருக்குத்தான்கிறாங்க. பத்தொம்பது பேரு கொலையே பண்ணலையாம். அப்ப மொத கோர்ட்டு எதப் பாத்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை.

குன்னூரில் ஒரு வக்கீல் நண்பரின் அறையிலிருந்த ஏ.ஐ.ஆர். தொகுதிகள்தான் அதன்பின் என் நூலகம். 'அது சட்டக்காரங்க வேலை, பேசாம பஞ்சாயத்து ராஜ் எடுங்க' என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. ஆனால் வக்கீல் தன் கட்சிக்காரருக்கு உதவும் தீர்ப்பைத் தேடுகிறார். எங்கள் துறையின் வேலை வேறு. தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடிவு எதனால் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி வைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது ஹர்பன்ஸ் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொலை. ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் ஒரே அளவு பங்கு, ஒரே தண்டனை. தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள், தனித்தனி அமர்வுகள் விசாரித்தன. ஜீத்தாவின் மனு 1976இல் தள்ளுபடி. காஷ்மீராவுக்கு 1977இல் தண்டனை குறைப்பு. 1981 அக்டோபர் 6 அன்று ஜீத்தா தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்குக்குக் குறிக்கப்பட்டிருந்த ஹர்பன்ஸ் கடைசி நேர மனுவால் தப்பினார். அவருக்குத் தண்டனையைக் குறைக்கும்படி 1982இல் நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. குற்றம் மாறவில்லை, அமர்வு மாறியது. 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோலை 1980இல் பச்சன் சிங் வழக்கு வகுத்தபோது நீதிபதி பகவதி மறுத்ததும் இதைச் சொல்லித்தான்: உயிர் போவதும் நிற்பதும் அமர்வில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இன்னொன்று நம் தமிழ்நாட்டு வழக்கு. எட்டாண்டுகள் தூக்கு நிழலில் கிடந்த வைத்தீஸ்வரன் விஷயத்தில், இரண்டாண்டுக்கு மேல் காக்க வைத்தாலே தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று 1983 பிப்ரவரியில் ஒரு அமர்வு சொன்னது. மார்ச் மாதமே வேறொரு அமர்வு அதை ஏற்க மறுத்துவிட்டது. கருணை மனுவைக் கிடப்பில் போடும் தாமதம் தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம் என்று 2014 ஜனவரியில் பதினைந்து பேர் விஷயத்தில் ஏற்றார்கள். அடுத்த மாதம் பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகியோரின் தூக்கும் ரத்தானது. அதற்குள் 2011இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்திருந்தாள். ஃபூக்கோவை வாசித்த நண்பர்கள், அதிகாரம் உடலை வதைப்பதை விட்டுச் சிறை ஒழுங்குக்கு நகர்ந்த கதையைச் சொல்வார்கள். இங்கே கயிறும் சிறையும் காத்திருப்பும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.

கருணை என்று சொல்வதும் சுத்தமான அரசியல்தான். 1999இல் ஆளுநர் பாத்திமா பீவி அந்த நால்வரின் மனுக்களை அமைச்சரவையைக் கேட்காமலே நிராகரித்தார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2018இல் அமைச்சரவை எழுவரையும் விடுதலை செய்யப் பரிந்துரைத்தபோது ராஜ்பவனில் கோப்பு தூங்கியது. 2022இல் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. ஆளுநர் அதிகாரம் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதன் மறுமுனையில் ஒரு கழுத்து இருக்கிறது.

2016இல் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்தது. தூக்குத் தண்டனை பெற்றவர்களில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்கிறது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நல்ல வக்கீல் வைக்க முடியாதவன் முதல் கோர்ட்டிலேயே தோற்றுவிடுகிறான். மேலே போகும் கோர்ட்டுகள் அங்கே பதிவான சாட்சியத்தைத்தானே படிக்கின்றன.

தோழர்களிடம் ஒரு வருத்தம் உண்டு. இந்த மலையிலிருந்து இறங்கினால் கோவை மத்தியச் சிறை. சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரை 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிட்டது அங்கேதான். ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம், சரி. ஏதோ ஒரு லயத்தில் குடும்பச் சண்டையில் வெட்டிக் கொன்றவனுக்குத் தூக்கு என்று செய்தி வந்தால் பேப்பரைப் புரட்டிவிடுகிறோம். அவனுக்காக யார் மனு எழுதுவது?

அந்த மாணவி இப்போது கூடலூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. போன மாதம் வந்தவள் ஹர்பன்ஸ் சிங் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப்போனாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப்போகிறாளாம்.