என்ஜினை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ

என் சித்தப்பா வாடகைக்கு ஓட்டிய வேனுக்கு என்ஜின் வேலை பார்த்தார்கள். கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்து புது மெயின் பேரிங் போட்டு வண்டி வெளியே வந்த பதினேழாம் நாள், திண்டிவனம் தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் அடியிலிருந்து தட்டும் சத்தம். பிறகு என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. அதே பட்டறைக்கே கட்டி இழுத்துப் போனார். மறுநாள் காலை அவர் போவதற்குள் என்ஜினைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பேரிங் எங்கே என்றால், காயலான் கடைக்குப் போய்விட்டதாம். "அண்ணே, ஆயில் பாக்காம ஓட்டியிருக்கீங்க" என்று பட்டறைக்காரர் சொன்னதே முடிவாகிப் போனது. அதை மறுத்துப் பேச சித்தப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

தூக்கிப் போட்ட அந்தப் பேரிங்தான் சாட்சி. நான்கு சிலிண்டர் என்ஜினில் பெரும்பாலும் ஐந்து மெயின் பேரிங். ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, பத்து ஷெல். அதற்குள் சுற்றும் கிராங்க், ஷெல்லைத் தொடுவதே இல்லை. பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. சிறிய என்ஜின்கள் பலவற்றில் அந்த இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ. வரைதான், நம் தலைமுடியின் பருமனுக்கும் குறைவு. அதனால்தான் இந்த வேலையில் கைத்தவறு சிறியது, நஷ்டம் பெரியது.

தவறுகள் எங்கே நடக்கும் என்று தெரிந்துகொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பல என்ஜின்களில் மேல் ஷெல்லில் துளையும் காடியும் இருக்கும், கீழ் ஷெல் மொழுமொழுவென்று இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் பிளாக்கிலிருந்து ஆயில் வரும் வழி அடைபட்டுப்போகும். அந்த என்ஜின் நீண்ட தூரம் தாங்காது. ஷெல்லின் முதுகு துடைத்த தட்டுபோல் சுத்தமாக, ஆயில் படாமல் உட்கார வேண்டும். அங்கே ஒரு தூசி சிக்கினாலும் உள்பக்கம் அந்த இடம் புடைத்துக் கிராங்கை உரசும். கீழ் ஷெல்லைப் பிடித்திருக்கும் கேப்களை அந்தந்த எண்ணுக்கும் அம்புக்குறிக்கும் ஏற்றபடிதான் மாட்ட வேண்டும். பிளாக்கோடு சேர்த்துக் கடைந்தவை அவை. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. கிராங்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்திருந்தால் பேரிங்கும் 0.25 அளவுதான், அந்த எண் ஷெல்லின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்குப் படிப்படியாக முறுக்க வேண்டும். கிரைண்டிங்கில் உதிர்ந்த இரும்புத் துகள் கிராங்கின் ஆயில் துளைகளிலேயே தங்கிவிடுவதும் உண்டு. லேத்திலிருந்து வந்ததைக் கழுவாமல் மாட்டினால் அதுவே புது பேரிங்கை அரைத்துவிடும்.

ஆகவே பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஆயில் சேம்பரை மூடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்கண்ணே, வந்து பாத்துட்டுப் போறேன்." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார். ஷெல் எண், கேப் எண், லேத் பட்டறை எழுதிக் கொடுத்த அளவு, பேரிங் வந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேப்களை முறுக்கிய பின் கிராங்கைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எங்கேயும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

பில் கட்டாயம். கேட்டும் பில் தராமல் இருப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கூலி தனியாக, உதிரிபாகம் பெயரோடும் அளவோடும் தனியாக, உங்கள் பெயரில் இருக்கட்டும். வாடகை வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏனென்றால், அந்தச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது: ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். புகாரில் "இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன், இதுதான் என் ஜீவனம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

என்ஜின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் அளவுகோலை எடுத்துப் போட்டோ பிடியுங்கள். ஆயில் சரியாக இருந்ததற்கு அதுவே ஆதாரம். அளவு உண்மையிலேயே குறைந்திருந்தாலோ, விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருந்தாலோ, வழக்கு பலவீனம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இல்லாமல் என்ஜினைப் பிரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் வேறொரு விவரம் தெரிந்த மெக்கானிக்கையோ சர்வேயரையோ கூட நிற்க வையுங்கள். பத்து ஷெல்லும் உங்கள் கைக்கு வர வேண்டும். எந்த எண் எந்த இடம் என்று எழுதித் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். ஒரு திசையாகக் கீறல் ஓடியிருந்தால் துகள் புகுந்திருக்கிறது. செம்பு நிறம் தெரிந்து கருகியிருந்தால் ஆயில் எட்டவில்லை. இதை ஒரு நிபுணர் எழுத்தில் தந்தால் நுகர்வோர் ஆணையத்தில் பேச்சு எடுபடும்.

முதலில் ஒப்புகைச் சீட்டோடு பட்டறைக்கு நோட்டீஸ். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். "அடுத்த மாசம் சரி பண்ணித் தர்றேன்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டில்தான் கழிகின்றன.