நிறச்சீரமைப்புக் கருவி

சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டின் விடியற்காலையை ஒளிப்படமாக்கினால், மூடுபனி வெளிறிய சாம்பல் நிறமாகப் பதிவாவதுண்டு. படம் முழுவதும் நீலம் சேர்த்தால் பனியின் குளிர்ச்சி மீளும். ஆனால், நிழலிலுள்ள காப்பிப்பழத்தின் செம்மை மங்கிவிடும். இச்சிக்கலைத் தீர்ப்பதே நிறச்சீரமைப்புக் கருவி.

இக்கருவி முதலில் ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிர்வையும் கணக்கிடும். மனிதக் கண் பச்சையை மிகுதியாக உணர்வதால், ஒளிர்வில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும் சிவப்புக்கு 21 விழுக்காடும் நீலத்துக்கு 7 விழுக்காடும் பங்கு தரப்படுகிறது. பின்னர் படத்தை நிழல், இடைநிலை, வெளிச்சம் எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறம் சேர்க்க வழிசெய்யும். எல்லைகளைக் கத்தியால் வெட்டினாற்போல் வகுத்தால், படத்தில் பட்டைகள் தோன்றும். ஆகவே, ஒரு பகுதியின் விளைவு படிப்படியாகக் குறையக் குறைய, அடுத்ததன் விளைவு கூடுமாறு வாய்பாடு அமைக்கப்படுகிறது.

‘டார்க்டேபிள்’ என்னும் கட்டற்ற மென்பொருளில், 2021ஆம் ஆண்டு வெளிவந்த 3.6 பதிப்பு முதல் இத்தகைய கருவி இடம்பெற்றுள்ளது. மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளில் நாம் நிறத்தை மாற்றலாம். நிறத்தை மாற்றும் விதியை மாற்ற இயலாது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலையோ எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கணக்கும் கணினியும் கற்ற மாணவர், தம் மலையின் பனிக்கு ஏற்ற விதியைத் தாமே எழுதிச் சேர்க்கலாம்.