22,888 காசு, இரண்டு வருஷக் கூலி!

புதையல் என்றதும் பொற்காசு நிறைந்த குடமும், அதற்குக் காவலாக ஒரு பாம்பும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் டெவன் பகுதியில், சீட்டன் என்ற ஊரருகே 2013 நவம்பரில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் குடமும் இல்லை, குன்றிமணிப் பொன்னும் இல்லை. இருந்தவை 22,888 ரோமானியச் செம்புக் காசுகள்!

கண்டெடுத்தவர் ஒரு கட்டட வேலைக்காரர். நிலச் சொந்தக்காரரிடம் அனுமதி பெற்று, உலோகம் தேடும் கருவியுடன் போனவர். முதலில் கட்டை விரல் நகமளவில் இரண்டு காசு அகப்பட்டது. பிறகு மண்வெட்டி நிறையக் காசு! அவர் அள்ளிக்கொண்டு போகவில்லை. தொல்பொருள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் தோண்டி முடிக்கும்வரை மூன்று இரவுகள் காரிலேயே படுத்துக் காவல் இருந்தார்.

அந்தக் காவல் வீண்போகவில்லை. குவியல் கலையாமல் இருந்ததால், காசுகளைப் பையில் போட்டுப் புதைத்திருக்க வேண்டும், பை மக்கிவிட்டது என்று ஊகிக்க முடிந்தது. காசுகள் கி.பி. 260-களிலிருந்து 340-கள் வரையிலானவை. பெரும்பாலானவை கான்ஸ்டன்டைன் பேரரசர் குடும்பத்தார் வெளியிட்டவை.

இத்தனை காசும் சேர்ந்து அன்றைக்கு நாலே நாலு தங்கக் காசுக்குத்தான் சமம் என்பது ஆய்வாளர் கணக்கு. அதாவது, ஒரு தொழிலாளியின் இரண்டு வருஷக் கூலி. காரணம், சில்லறையின் வீழ்ச்சி. 294-ல் சுமார் 10 கிராம் இருந்த செம்புக் காசை அரசாங்கமே இளைக்க வைத்தது. 340-களில் அது 2 கிராமுக்கும் கீழே போய்விட்டது. கூலிக்காரன் கையில் காசின் எண்ணிக்கைதான் கூடியது!

இது ஒருவரின் சேமிப்பா, வியாபாரியின் முதலா, சிப்பாய்களின் சம்பளப் பணமா? முடிவாகச் சொல்வதற்கில்லை. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். காசுகள் இன்று எக்ஸெட்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்துச் சட்டப்படி புதையலை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கினால், கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டிலும் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அஸ்திவாரம் தோண்டும் நம்மவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.